வெள்ளைக் கார்டிலிருந்து பிங்க் கார்டுக்கு: கேரள எல்லைத் தமிழ்க் குடும்பங்களுக்காக ரேஷன் உரிமையைக் கேட்டு வாங்கும் முழுமையான வழிகாட்டி

மூணாறு மலைத் தோட்டங்களில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஐந்து பேர், இரண்டிலும் கணவனும் மனைவியும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு வீட்டுக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஒரு வீட்டுக்கு மாதம் 25 கிலோ தானியம் இலவசமாக வருகிறது. அடுத்த வீட்டுக்கு 10 கிலோ அரிசி, அதற்கும் 40 ரூபாய் கொடுக்க வேண்டும். விசாரித்துப் பார்த்தால், முதல் வீட்டுக்காக யாரோ ஒருவர் உரிய மாதத்தில் உரிய சான்றுகளோடு விண்ணப்பித்திருக்கிறார். இரண்டாம் வீட்டுக்காக அப்படி யாரும் அலைந்ததில்லை.

அப்படி அலையத் தயாராக இருப்பவருக்காகவே இதை எழுதுகிறேன். அவர் தொழிற்சங்கத்துக்காரராக இருக்கலாம், குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் குழுவின் உறுப்பினராக இருக்கலாம், வார்டு மெம்பராக இருக்கலாம், பிளஸ் டூ முடித்து மலையாளம் எழுதத் தெரிந்த லயத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைத் தாலுகாக்களை மனத்தில் வைத்து எழுதினாலும், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத் தமிழர்களுக்கும் நடைமுறை இதுவேதான்.

சட்டத்தில் உள்ளது என்ன

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ஆம் ஆண்டு வந்தது. கேரளமும் தமிழ்நாடும் அதை 2016 நவம்பரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இச்சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். பரம ஏழைகளுக்கான அந்தியோதயா குடும்பத்துக்கு, ஆள் எத்தனை பேராக இருந்தாலும், 35 கிலோ. முதலில் அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய் என்று விலை இருந்தது. 2023 ஜனவரி முதல் இவ்விரு பிரிவினருக்கும் தானியம் இலவசம். பதினெட்டு வயது நிறைந்த பெண்களில் மூத்தவரே குடும்பத் தலைவராகக் கார்டில் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 13-ஆம் பிரிவு. தர வேண்டிய தானியத்தைத் தராமல் விட்டால் அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்பது 8-ஆம் பிரிவு. கவுண்டரில் இருப்பவர் பெரும்பாலும் இதை ஒரு சலுகை போலவே பேசுவார். மனு எழுதுகிறவர் அந்தத் தொனிக்கு ஆட்பட்டு ‘தயவுகூர்ந்து கருணை காட்டும்படி’ என்று எழுதாமல், ‘சட்டத்தின் இன்ன பிரிவின்படி’ என்று எழுதப் பழக வேண்டும்.

கேரளத்தில் கார்டின் நிறம்தான் பிரிவைச் சொல்கிறது. மஞ்சள் என்றால் அந்தியோதயா. பிங்க் என்றால் முன்னுரிமைப் பிரிவு; அலுவலகத்தில் ‘முன்கணன’ என்பார்கள். நீலம் என்றால் முன்னுரிமை இல்லாத மானியப் பிரிவு; ஆளுக்கு 2 கிலோ அரிசி, கிலோ 4 ரூபாய். வெள்ளை என்றால் பொதுப்பிரிவு; எவ்வளவு அரிசி என்பது மாதந்தோறும் அறிவிக்கப்படும், கிலோ 10 ரூபாய் 90 காசு. நம் வேலை பெரும்பாலும் நீலத்திலும் வெள்ளையிலும் இருப்பவரைப் பிங்குக்கு மாற்றுவதுதான்.

முதல் படி: தகுதியை வீட்டிலேயே சரிபார்ப்பது

விண்ணப்பம் போடுவதற்கு முன் தகுதியின்மைப் பட்டியலை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட வேண்டும். குடும்பத்தில் அரசு, பொதுத்துறை, கூட்டுறவு நிறுவன ஊழியரோ அரசு ஓய்வூதியரோ இருக்கக் கூடாது. வருமான வரி செலுத்துபவர் இருக்கக் கூடாது. பழங்குடியினர் தவிர மற்றவர்களுக்கு ஓர் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கக் கூடாது. வீடு ஆயிரம் சதுர அடியைத் தாண்டக் கூடாது. நான்கு சக்கர வாகனம் இருக்கக் கூடாது. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஒரே டாக்சிக்கு விலக்கு உண்டு. மாத வருமானம் 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

லயத்துக் குடும்பங்கள் நிலம், வீடு, வாகனம் ஆகிய மூன்றிலும் எளிதாகத் தேறிவிடும். சிக்கல் வருவது வருமானத்தில்தான். கணவனும் மனைவியும் மாதம் முழுவதும் வேலைக்குப் போனால் இருவர் கூலியும் சேர்ந்து அந்த வரம்பின் ஓரத்துக்கு வந்துவிடும். கொழுந்து நிறைய வரும் ஒரு மாதத்துச் சம்பளச் சீட்டை மட்டும் காட்டினால் தகுதியே போய்விடலாம். மழையிலும் பனியிலும் வேலை நாள் குறைந்த மாதங்களையும் சேர்த்து ஓராண்டுச் சீட்டுகளைக் கொண்டுபோய், வில்லேஜ் ஆபீசில் சராசரியைக் கணக்கிட்டு வருமானச் சான்று வாங்குவதே நேர்மையான வழி. வரம்பை உண்மையாகவே தாண்டும் குடும்பத்துக்காகப் பொய்ச் சான்று வாங்கித் தரக் கூடாது. அது பிடிபட்டால், வாங்கிய அரிசிக்கான விலையை அபராதத்தோடு கட்ட வேண்டிவரும். அந்த லயத்திலிருந்து அடுத்து வரும் பத்து விண்ணப்பங்களையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

தகுதியின்மை எதுவும் இல்லாத குடும்பங்களை மதிப்பெண் முறையில் வரிசைப்படுத்துகிறார்கள். 30 மதிப்பெண் எட்ட வேண்டும். புற்றுநோய், டயாலிசிஸ், படுத்த படுக்கை போன்ற கடும் நோயுள்ளவர்கள் இருக்கும் குடும்பங்களும் ஆதரவற்ற பெண்கள் தலைமையிலான குடும்பங்களும் முன்னுரிமையில் முதலில் கவனிக்கப்பட வேண்டியவை. இவர்களிடம் மருத்துவச் சான்று இருக்கிறதா என்பதை முதல் நாளிலேயே பாருங்கள். மாதக்கணக்காகத் தேனி மருத்துவக் கல்லூரிக்குப் போய்வரும் நோயாளியின் வீட்டில் மாத்திரைச் சீட்டு மட்டும் இருக்கும், சான்றிதழ் இருக்காது. பஞ்சாயத்துச் செயலரிடமிருந்து வறுமைக்கோட்டுச் சான்று வாங்குவதும் இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டிய வேலை.

இரண்டாம் படி: இரு மாநிலத்திலும் பெயர் இருந்தால்

எல்லையில் பலரும் வாய்விட்டுப் பேசத் தயங்கும் விஷயம் இது. போடியிலோ கம்பத்திலோ சங்கரன்கோவில் பக்கத்திலோ உள்ள சொந்த ஊர்க் கார்டிலும் இங்குள்ள கார்டிலும் ஒரே ஆளின் பெயர் இருக்கும். முன்பு இது வெளியே தெரியாமல் போயிற்று. ஆதார் இணைத்த பிறகு ஓரிடத்தில் பெயர் சேர்க்கும்போதே மற்றோரிடத்தில் இருப்பது தெரிந்துவிடுகிறது. ஆகவே எது வேண்டும் என்பதைக் குடும்பமே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். பக்கத்திலிருந்து உதவுகிறவர் அந்த முடிவைத் தன் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டுக் கார்டோடு சேர்ந்து அங்குள்ள வேறு நலத்திட்டங்களும் போகும் என்பதை அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

கேரளத்தில் நிலைத்திருக்க முடிவு செய்தவர்கள் தமிழ்நாட்டுக் கார்டிலிருந்து பெயர் நீக்கல் சான்றோ, முழுக் கார்டையும் விடுவதானால் ஒப்படைப்புச் சான்றோ வாங்கிவர வேண்டும். தேனிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த பெண்களுக்கு இது அனேகமாக எப்போதும் விட்டுப்போயிருக்கும். பெண் பெயர் அப்பா வீட்டுக் கார்டிலேயே கிடக்கும். குழந்தைகள் பெயர் எதிலும் இருக்காது. ஆளுக்கு 5 கிலோ என்ற கணக்கில் தாயும் இரண்டு பிள்ளைகளும் விடுபட்டால் மாதம் 15 கிலோ போயிற்று.

சில மாதம் மட்டும் ஏலத் தோட்டத்தில் தங்கி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் கார்டை மாற்ற வேண்டியதில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கார்டைக் காட்டி, கைரேகை வைத்து, கேரளக் கடையிலேயே வாங்கலாம். குடும்பத்தில் ஒரு பகுதி ஊரிலும் மறு பகுதி இங்கும் பிரித்து வாங்கவும் முடியும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.எச்.எச். ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா) என்ற குறியீடு இருந்தால்தான் இது செல்லும். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாதது) என்றிருந்தால், சொந்த ஊரில் இலவச அரிசி கிடைத்தாலும், அது தமிழ்நாடு அரசு தன் செலவில் தருவது. மாநிலம் தாண்டினால் கிடைக்காது. இதைப் பார்க்காமல் கடைக்காரரோடு சண்டை போட்டு ஒரு நாள் கூலியை இழந்தவர்கள் பலர்.

மூன்றாம் படி: பெயரும் முகவரியும்

என் அனுபவத்தில் விண்ணப்பங்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான், ஆகவே இதற்குத் தனியாக ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். பாக்கியம் என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழில் அதன் முதல் ஒலிக்குப் பகரம் ஒன்றுதான். மலையாளத்தில் பகர வரிசையில் நான்கு எழுத்துகள் இருப்பதால், எழுதுகிறவரின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி ஒன்றைப் போட்டிருப்பார். ஆதாரில் ஆங்கிலத்தில் ஒரு விதம், கார்டில் மலையாளத்தில் ஒரு விதம், தோட்டத்துச் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) வேறு விதம். அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், ஒன்றில் விரிந்து முழுப் பெயராகவே நிற்கும். வீட்டுப் பெயர் என்ற கட்டத்தில் லயத்துக்காரர்களுக்கு எழுத ஒன்றுமே இல்லாததால், முந்தைய படிவம் நிரப்பியவர் ஒரு முறை டிவிஷன் பெயரையும் மறுமுறை தோட்டத்துப் பெயரையும் போட்டிருப்பார்.

ஆதாரில் உள்ள எழுத்தையே அடிப்படையாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்பத் திருத்துங்கள். கார்டில் உள்ள சிறு பிழைகளைத் திருத்த ‘தெளிம’ என்ற பெயரில் அண்மை ஆண்டுகளில் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை ரேஷன் கடை வாசலிலேயே பெட்டி வைத்து மனு வாங்கினார்கள். அந்த வாய்ப்பு வரும்போது லயம் முழுவதற்கும் ஒரே நாளில் எழுதிப் போட்டுவிடலாம். மற்ற நாட்களில் அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையம் வழியாகத் திருத்தலாம்.

பெயரோடு கார்டில் உள்ள மற்ற விவரங்களையும் படித்துப் பாருங்கள். தோட்டத்து ஜீப்பை ஓட்டும் டிரைவரை ஜீப்பின் சொந்தக்காரர் என்று பதிந்திருந்த ஒரு கார்டை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒற்றைப் பதிவால் அந்தக் குடும்பம் பல ஆண்டுகள் வெள்ளையில் கிடந்தது. வாகனப் பதிவுச் சான்றின் நகலையும் தோட்டத்து மேனேஜரின் கடிதத்தையும் வைத்த பிறகுதான் பதிவு நீங்கியது.

லயம் கம்பெனிக்குச் சொந்தமானது என்பதால் வீட்டு உரிமைச் சான்று யாராலும் தர முடியாது. பஞ்சாயத்துச் செயலரின் குடியிருப்புச் சான்றும் தோட்டத்திலிருந்து வேலைச் சான்றும் சேர்த்து வைத்தால் போதுமானதாக இருக்கும். மூடிக் கிடக்கும் பீர்மேட்டுத் தோட்டங்களில் மேனேஜரே இல்லாத நிலையில் வார்டு மெம்பரின் சான்றோடு பழைய பி.எஃப். சீட்டையும் இணையுங்கள்.

நான்காம் படி: விண்ணப்பம்

முன்னுரிமைக்கு மாற்றும் விண்ணப்பங்களை ஆண்டு முழுவதும் வாங்குவதில்லை. அரசு குறிப்பிட்ட நாட்களை அறிவிக்கிறது, அவகாசம் சில வாரங்கள்தான். அறிவிப்பு மலையாளப் பத்திரிகையில் வரும், தோட்டத்துக்கு அது வந்து சேர்வதற்குள் கெடு முடிந்துவிடும். ஆகவே மேலே சொன்ன மூன்று படிகளையும் அறிவிப்புக்குக் காத்திராமல் முன்கூட்டியே முடித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் உறையில் சான்றுகளைத் தயாராக வைத்திருப்பவரே ஜெயிக்கிறார். விண்ணப்பம் அக்ஷயா வழியாகவோ சிவில் சப்ளைஸ் இணையதளத்தில் நேராகவோ போகும். பதிவு எண் அச்சிட்ட தாளை வாங்காமல் மையத்தை விட்டு வெளியே வராதீர்கள். செல்போன் எண் கேட்கும் இடத்தில் மையத்துக்காரரின் எண்ணைப் போடவிடாதீர்கள். பிறகு வரும் தகவல்கள் எல்லாம் அவருக்குத்தான் போகும், கைரேகை விழாத முதியவர்கள் ஓ.டி.பி. வைத்து வாங்குவதற்கும் அந்த எண்தான் வேண்டும்.

ஐந்தாம் படி: தமிழில் மனு, கையில் ரசீது

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் தமிழில் எழுதிய என் மனுவைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பித் தள்ளினார்கள். ‘மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா’ என்றார்கள். வெளியே ஐம்பது ரூபாய்க்கு எழுதித் தருபவர் இருந்தார். அவரிடம் போகாமல், அதே மனுவின் தலைப்பில் ஒரு வரியைச் சேர்த்து ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினேன். அந்த வரி இதுதான்: ‘இந்திய அரசியலமைப்பின் 350-ஆவது உறுப்பின்படி இம்மனு தமிழில் அளிக்கப்படுகிறது.’ குறைதீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அலுவலருக்கும் தரலாம் என்பதே அந்த உறுப்பு. பதில் மலையாளத்தில்தான் வந்தது, ஆனால் கோப்பு எண்ணோடு வந்தது. கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது. மலையாளம் தெரிந்தவர் எழுதித் தந்தால் வேலை விரைவாக நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் எழுதித் தர ஆளில்லை என்பதற்காக ஒரு மனு நின்றுபோகக் கூடாது.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் இப்படி இருந்தால் போதும்:

‘பெறுநர்: தாலுகா சப்ளை அலுவலர். பொருள்: ரேஷன் கார்டு எண் … முன்னுரிமைப் பிரிவுக்கு மாற்றக் கோரியது. எங்கள் குடும்பத்தில் … பேர். சொந்த நிலமோ வீடோ வாகனமோ இல்லை. தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். மாத வருமானம் … ரூபாய். வில்லேஜ் ஆபீசரின் சான்று இணைத்துள்ளேன். … தேதியில் … என்ற பதிவு எண்ணில் விண்ணப்பித்தும் இதுவரை முடிவு தெரிவிக்கப்படவில்லை. எங்களுக்கு அளிக்கப்பட்ட மதிப்பெண் எவ்வளவு என்பதையும், மறுக்கப்பட்டால் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தருமாறு கோருகிறேன்.’

கடைசி வாக்கியம் முக்கியமானது. வாயால் சொன்ன மறுப்பை எதிர்த்து எங்கும் மேலே போக முடியாது. எழுத்தில் தந்த மறுப்பை எதிர்த்துப் போகலாம். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் தபாலே வழி.

ஆறாம் படி: மேலே போவது

தாலுகா அலுவலகத்தில் முடியாவிட்டால் மாவட்ட சப்ளை அலுவலர். அவரிடமும் முடியாவிட்டால் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி நியமிக்கப்பட்ட மாவட்டக் குறைதீர் அலுவலர். இடுக்கிக்காரர்கள் பைனாவில் உள்ள கலெக்டரேட்டிலும் பாலக்காட்டுக்காரர்கள் சிவில் ஸ்டேஷனிலும் விசாரிக்கலாம். அவர் உத்தரவிலும் நிறைவில்லை என்றால் மாநில உணவு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தகுந்த காரணமின்றித் தராத அரசு ஊழியருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க 33-ஆம் பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுவதே பல நேரங்களில் போதுமானதாகிவிடுகிறது. கடையில் எடை குறைவு, பூட்டிய கடை போன்ற அன்றாடப் புகார்களுக்கு 1967 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

இடையில் தகவல் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்துங்கள். ‘இத்தாலுகாவில் முன்னுரிமைப் பிரிவில் இன்றைய தேதியில் எத்தனை காலியிடம், எத்தனை விண்ணப்பம் நிலுவையில் உள்ளது, என் விண்ணப்பத்துக்கு எத்தனை மதிப்பெண்’ என்ற மூன்று கேள்விகள் போதும். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுச் சான்று இருந்தால் அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வழக்கு வரை போகும் நிலை வந்தால், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் தாலுகா சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் தரும்.

ஏழாம் படி: லயமாகச் சேர்ந்து கேட்பது

காலியிடத்தைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கேரளத்தில் முன்னுரிமைப் பிரிவில் ஏறத்தாழ 1 கோடியே 54 லட்சம் பேருக்குத்தான் இடம்; அந்த எண்ணிக்கை 2011 கணக்கெடுப்பை வைத்து மத்திய அரசு நிர்ணயித்தது. ஆகவே தகுதியில்லாத ஒருவர் வெளியேறினால்தான் தகுதியுள்ள மற்றொருவர் உள்ளே வர முடியும். தகுதியில்லாமல் பிங்க் கார்டு வைத்திருப்போரைக் கண்டறிய ‘ஆபரேஷன் யெல்லோ’ என்ற நடவடிக்கையை அரசு 2022-இல் தொடங்கியது. பக்கத்து வீட்டைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறேனா என்று கேட்பார்கள். தனிப்பட்ட பகைக்கு அதைப் பயன்படுத்துவதை நான் ஏற்கவில்லை. ஆனால் மாடி வீடும் காரும் வைத்துக்கொண்டு பிங்க் கார்டில் வாங்குகிறவரிடம், தானாகவே ஒப்படைத்துவிடும்படி சங்கத்தில் வைத்துப் பேசுவதில் தவறில்லை.

கூட்டு வேலைக்கு அடிப்படை ஒரு நோட்டுப் புத்தகம். லயம் லயமாகப் போய், வீட்டு எண், ஆள் கணக்கு, கார்டு நிறம், விடுபட்ட பெயர்கள், நோயாளி, விதவை, ஆதார் பிழை ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். வீட்டில் அரிசி எந்தத் தேதியில் தீர்ந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் தாமாகவே திரண்டு போனசுக்காக நடத்திய போராட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, கணக்கை யார் கையில் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கணக்கோடு கிராம சபைக்குப் போங்கள். கேரளத்தில் ஒவ்வொரு வார்டும் ஒரு கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால் கூட்டம் செல்லும். வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் தோட்டத்து ஆட்கள் யாரும் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றும்படி மெம்பரிடம் முதலில் கேளுங்கள். ‘இவ்வார்டில் இத்தனை தகுதியுள்ள குடும்பங்கள் முன்னுரிமையில் இல்லை, பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது, தாலுகா சப்ளை அலுவலர் தோட்டத்திலேயே முகாம் நடத்த வேண்டும்’ என்ற தீர்மானத்தை நிறைவேற்றி, மினிட்ஸ் புத்தகத்தில் பதிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். ரேஷன் கடை அளவில் கண்காணிப்புக் குழு வேண்டும் என்று சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் கடைக்குக் குழு இருக்கிறதா, அதில் தமிழ் பேசும் பெண் ஒருவராவது இருக்கிறாரா என்றும் அதே கூட்டத்தில் கேளுங்கள்.

கார்டு நிறம் மாறிய பிறகு

முதல் மாதம் கடைக்குக் கூடவே போங்கள். விரல் வைத்ததும் கடையிலுள்ள இ-போஸ் என்ற கைரேகை எந்திரத்திலிருந்து வரும் பில்லை வாங்கி, அச்சிட்ட அளவும் பையில் விழுந்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லாமல் ‘அடுத்த வாரம் வா’ என்று அனுப்பினால், விரல் வைத்தாயிற்றா என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி. வைத்திருந்தால் எந்திரத்தில் அரிசி வாங்கியதாகப் பதிவாகியிருக்கும். குடும்பத்தினர் எல்லோரும் மஸ்டரிங் (ஆதார் வழி நேரில் அடையாளம் உறுதிசெய்வது) முடித்திருக்கிறார்களா என்றும் அன்றே கடையில் கேட்டுவிடலாம். புழுங்கலும் பச்சரிசியும் மட்டையும் இருந்தால் நமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கலாம். மட்டை அரிசி நம் வீடுகளில் செல்லாது என்பது கடைக்காரருக்கும் தெரியும்.

இன்னொன்று. தொடர்ந்து மூன்று மாதம் ரேஷன் வாங்காத முன்னுரிமைக் கார்டுகளை அரசு அப்பிரிவிலிருந்து நீக்குகிறது. தை மாதத்தில் ஊர்த் திருவிழாவுக்கு இறங்கி, அப்படியே அறுவடை வேலைக்கும் கல்யாணத்துக்கும் தங்கிவிடுகிற குடும்பங்கள் இந்த விதியில்தான் மாட்டுகின்றன. நோட்டுப் புத்தகத்தில் அந்தக் குடும்பங்களுக்கு எதிரே ஒரு குறி போட்டு வையுங்கள். ஊருக்குப் போனாலும் அங்குள்ள கடையில் இந்தக் கார்டில் வாங்கும்படி, இரண்டாம் மாதம் முடிவதற்குள் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.